முகம் சுளித்தால் இன்னொரு கரண்டி

வாரத்தில் ஆறு நாள் ரேணிகுண்டாவில் ஒரு இரும்புப் பட்டறையில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். அங்கே நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் ‘சிடுமூஞ்சி’ என்று ஒரு பெயர் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அதைத் திருத்த நான் போனதில்லை. மேற்பார்வை பார்க்கிறவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான். சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செலவு செய்வது என் வழக்கம்.

அந்தச் செலவுக்கெல்லாம் காரணம் என் அக்கா.

புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்தப் பக்கம் பேசினால் தெலுங்கு, அந்தப் பக்கம் திரும்பினால் தமிழ், நடுவில் நின்றால் இரண்டும். அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். ஊர் அங்கன்வாடியில் அவள்தான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க நடந்ததை நடித்துக் காட்டுவாள். சொல்லிக் காட்டுவாள் என்று எழுதினால் அது அவளுக்குச் செய்கிற துரோகம்.

சோதனைக்கு வரும் அதிகாரி முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது, பஸ்ஸில் சில்லறை இல்லாமல் கண்டக்டர் படும் அவதி, கறிக்கடையில் வரிசை தாண்டுகிறவர் காட்டும் அப்பாவி முகம் எல்லாம் வரும். வருஷா வருஷம் அலிபிரியிலிருந்து நடந்து திருமலை ஏறுவாள். ஏறி வந்த வாரம் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். அடிவாரத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி ‘கோவிந்தா’ போடுகிற பெரிய தொப்பைக்காரர், பாதிப் படியில் ‘கோவி’ என்பார், முழங்கால் முறியும் ஏற்றத்தில் ‘கோ’ என்பார், உச்சியில் வாய் மட்டும் அசையும். அக்கா அந்த ஒரு ஆளுக்காக மூச்சை வாங்கி வாங்கி முக்காலியில் உட்கார்ந்தபடியே மலை ஏறி இறங்குவாள். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மற்ற நாளில் சொல்லுவேன்.

அக்காவின் மூலதனம் அவள் முகம்தான். அங்கன்வாடியில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காரும். அவள் கதையில் கரடி தெலுங்கு பேசும், முயல் தமிழ் பேசும். சண்டை வந்தால் இரண்டும் இரண்டு மொழியிலும் திட்டிக்கொள்ளும். மொழி புரியாத பிள்ளைக்கு முகம் புரியும். அழுதுகொண்டு வந்த பிள்ளை அவளுடைய கரடி முகத்தைப் பார்த்து அழுகையை மறந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ‘எங்க அக்கா’ என்று நான் பட்டறையில்கூடச் சொல்லிக்கொள்வேன். அப்போது மட்டும் என் முகம் கொஞ்சம் இளகுகிறது என்று சொல்கிறார்கள். இருக்கலாம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அவள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் இடது பக்கம் அப்படியே நின்றுவிட்டது. கண் மூடவில்லை, உதடு ஏறவில்லை, புருவம் அசையவில்லை. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், எனக்குப் போன் செய்தபோது அவர் குரலே குழறியது. அவருக்குத்தான் வாதம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அரக்கப்பரக்கத் திருப்பதிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, இது பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்பச் சொல்லி ஒரு பயிற்சி.

ஊருக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். காற்று அடித்துவிட்டது என்றார் ஒருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் யோசிக்காமல் பேசுகிறவர். அவர் என்னை நிறுத்தி, “பக்கத்துல புத்தூர வெச்சிக்கினு எதுக்கு நீ திருப்பதிக்கு அலையற? ஒரு கட்டு போட்டா சரியாப்பூடும்” என்றார்.

“அது எலும்பு முறிஞ்சா போடற கட்டு. மூஞ்சிக்கு எங்க போடுவாங்க, கழுத்துலயா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது ஊர்ப் பேச்சு இல்லை, அக்காவின் மௌனம். அவள் அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டாள். உதவிக்கு இருக்கும் ஆயாம்மா தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பாட்டு இல்லை, கதை இல்லை, முட்டையும் சோறும் மட்டும்தான். சில பிள்ளைகள் வரமாட்டேன் என்று தெருவில் உருண்டன. இரண்டு மூன்று வீட்டார் நகரியில் இருக்கிற தனியார் பள்ளிக்கு விசாரிக்கப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் போய் அக்காவிடம் சொன்னால் எழுந்து உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“போவட்டும்டா. இந்த மூஞ்சியப் பாத்தா பிள்ளைங்க ராத்திரி தூங்குமா? பூச்சாண்டி காட்டறதுக்கா எனக்குச் சம்பளம்? வேலைய விட்டுடறேன்னு மேல சொல்லிடலாம்னு இருக்கேன்.”

இருபது வருஷத்துக்கு மேல் செய்த வேலை. அதை விட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் சுவரைப் பார்த்தாள்.

அந்த ஞாயிறுகளில் முக்காலி சும்மா கிடந்தது. நான் அவள் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். நடக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். ஊரே பூத்துக்கொண்டிருந்தது. என் மனநிலைக்கு மரியாதை கொடுத்து ஒரு மரமாவது கொஞ்சம் பொறுத்திருக்கலாம். புங்கமரம் பொரி இறைத்த மாதிரி தெருவெல்லாம் உதிர்த்து வைத்திருந்தது. வேப்பமரம் இன்னும் மோசம். அவ்வளவு சின்னப் பூ, கிட்டப் போனால்தான் பூ என்றே தெரியும், ஆனால் வாசம் மட்டும் கூப்பிடாமலே வீட்டுக்குள் வரும். என் ஸ்கூட்டர் சீட்டில் காலையில் ஒரு கை அளவு விழுந்து கிடக்கும். அதைத் துடைக்காமல் உட்கார்ந்து பட்டறைக்குப் போய், பின்பக்கத்தில் வேப்பம்பூவோடு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. சிடுமூஞ்சிக்கு யார் சொல்லுவார்கள்?

மாமாவுக்கு ஊர்க்கோடியில் கொஞ்சம் மாந்தோப்பு. பூவைப் பார்த்தே மகசூல் சொல்லுவேன் என்பது அவருடைய பல வருஷத்துப் பெருமை. பல வருஷமாக அது தப்பாகத்தான் போகிறது. பூ பிஞ்சாகிச் சுண்டைக்காய் அளவுக்கு வந்த பிறகும் அவர் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் அக்கா அவருக்குப் பின்னால் நின்று அதே மாதிரி அண்ணாந்து, இடுப்பில் கைவைத்து, அதே இருமலை இருமுவாள். இப்போது பின்னால் யாரும் நிற்கவில்லை. மாமா அந்த வருஷம் மகசூல் சொல்லவே இல்லை.

உகாதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்களைப் போன்ற எல்லைத் தமிழர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு வருஷப் பிறப்பு. பங்குனியில் உகாதி, சித்திரையில் நம்முடையது. இரண்டுக்கும் வேப்பம்பூப் பச்சடி உண்டு. ஒரு முறை கசந்ததே நாக்கில் ஆறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பச்சடியை வாங்கி வாயில் போட்டதும் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் இன்னொரு கரண்டி. அதற்கும் சுளித்தால் அதற்கு மேல் ஒன்று. சட்டம் போட்டது அக்கா, பாவாடை கட்டின வயசில். நடுவரும் அவளே, ஜெயிக்கிறவளும் அவளே. எங்கள் நைனா, அப்பாதான், சாகும்வரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அக்கா பச்சடியை வாயில் வைத்துக்கொண்டு, ஏதோ அல்வா தின்கிற மாதிரி கண்ணை மலர்த்தி எங்களைப் பார்ப்பாள். அதைப் பார்த்தே நாங்கள் தோற்போம்.

அன்றைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்ததால் நான், என் மனைவி, காலேஜில் படிக்கிற என் மகள் மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அக்கா உள் அறையில், காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து வாயின் வலது பக்கத்தால் ‘வாங்க’ என்றாள். உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பச்சடியை மாமாவே செய்திருந்தார். புதுப்புளி, வெல்லம், தன் தோட்டத்து மாங்காய், உப்பு, மிளகாய் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வேப்பம்பூவில்தான் கோட்டை விட்டிருந்தார். கொத்தைக் கையில் வைத்துத் தேய்த்து, காம்பையும் பச்சை மொட்டையும் ஊதித் தள்ளிவிட்டுப் பூவை மட்டும் போடவேண்டும். மாந்தோப்புக்காரருக்குப் பூ என்றால் கொத்து. கொத்துக் கொத்தாக, காம்போடு, மொட்டோடு, இரண்டு இலையோடு அரைத்து விட்டிருந்தார்.

முதல் கரண்டி எனக்கு. பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்புக்கு முன்னால் முகம் மாறாமல் நிற்கிறவன் நான். வாயில் வைத்ததும் என் தாடை ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போயின. என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமியை வேண்டினாள். என் மகள் கொல்லைக்கு ஓடினாள். மாமா மட்டும், “நல்லாத்தான இருக்குது?” என்று தானும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. “யாருடா தோத்தது?”

“எல்லாரும்” என்றேன்.

“மாமாவுமா?”

“அவரு பேச்சே வரல. நீயே வந்து பாரு.”

கட்டில் கிறீச்சிட்டது. அக்கா மப்ளரோடு அறை வாசலில் வந்து நின்றாள். நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்தாள். கொல்லையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்த என் மகளையும் பார்த்தாள். இத்தனை வாரமாக அடங்கிக் கிடந்த நடுவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“குடு இப்படி” என்று கரண்டியைப் பிடுங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

அவள் முகத்தின் வலது பாதி சுளித்தது. சும்மா இல்லை, கண் சுருங்கி, மூக்கு ஏறி, உதடு கோணி, அவள் ஆயுளிலேயே சுளிக்காத சுளிப்பாகச் சுளித்தது. இடது பாதி அசையவே இல்லை. போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அமைதியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அல்வா தின்கிற அந்தப் பழைய முகத்தில் பாதி அங்கே அப்படியே இருந்தது.

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கியதில் பச்சடியைவிடக் கசந்தது. மாமா தரையைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டாள். “சுளிச்சேனா?”

என் மகளுக்கு மட்டும் பொய் சொல்ல வராது. “பாதி சுளிச்சீங்க அத்தை” என்றாள்.

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்துக் கையை நீட்டினாள்.

“அப்ப பாதிக் கரண்டி ஊத்து.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா சிரித்துக்கொண்டே அழுதார். அவருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் ஏறியது. எச்சில் ஓரத்தில் வழிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்தது அவள்தான், சந்தேகமே இல்லை. “நாக்குலகூடப் பாதிதாண்டா கசக்குது. எனக்கு மட்டும் இந்த வருசம் பாதிக் கஷ்டம்தான் போலருக்குது” என்றாள். அதற்கும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள். “நீங்க பெரியவங்க, தெரிஞ்சி சிரிக்கிறீங்க. பிள்ளைங்க பயப்படும் இல்ல?”

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லுவது என் பட்டறை வழக்கம். அன்றைக்கு அது வரவில்லை. “போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடமிருந்து போன். “வண்டிய எடுத்துக்கினு வா. அங்கன்வாடிக்குப் போவணும்.”

பட்டறைக்கு அரை நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எங்கள் பக்கத்தில் மங்களவாரம், அதாவது செவ்வாய், என்றால் எதையும் தொடங்கமாட்டார்கள். “புதன்கிழமை போயேன், ஒரு நாள்தான” என்றார். அக்கா ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டே, “செவ்வாக்கெழம நல்ல காரியம்தான் தொடங்கக்கூடாது. இந்த மூஞ்சிய எடுத்துக்கினு போறது எந்த ஊர்ல நல்ல காரியம்? நீ எட்றா வண்டிய” என்றாள்.

பேச்சு அப்படி இருந்ததே தவிர, வழி முழுக்க என் தோளை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடியிருந்தாள். அங்கன்வாடிக்கு முன்னால் இறங்கியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “கொஞ்ச நேரம் இங்கயே நில்லுடா. பிள்ளைங்க அழுதுச்சின்னா திரும்பிப் போய்டலாம். அப்புறம் என்னை யாரும் கூப்பிடக்கூடாது.”

நின்றேன். உள்ளே பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தன. அக்கா வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்படிப் போகவில்லை.

பிள்ளைகள் அவளைப் பார்த்தன. சத்தம் நின்றது. அவள் பேச வாய் திறந்தாள், உதடு ஒரு பக்கமாக இழுத்தது. முன்வரிசையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் கண் இமைக்காமல் பார்த்தாள். முடிந்தது, அழப்போகிறது என்று நான் வண்டிச் சாவியைத் தேடினேன். அந்தப் பெண் ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டோரத்தில் வைத்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். பக்கத்துப் பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுத் தானும் இழுத்தது. அதைப் பார்த்து அடுத்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கக் கோணல் வாய்.

டீச்சர் இத்தனை நாள் கழித்து ஒரு புது முகத்தோடு வந்திருக்கிறாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கரடிக்கும் முயலுக்கும் அடுத்தது இது.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு படி ஏறினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கோணலாக, ஈரமாக, சத்தமாகச் சிரித்தாள். முன்வரிசைப் பெண் எழுந்து வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்து, “டீச்சரம்மா, அந்தப் பக்கம் பண்ணு” என்றாள்.

“அந்தப் பக்கம் இன்னும் வரலடி கண்ணு. கத்துக்கினு இருக்கேன்” என்றாள் அக்கா. “நீங்களும் என்னோட சேந்து கத்துக்கிறீங்களா? எங்க, எல்லாரும் கன்னத்த உப்புங்க.”

திருப்பதி டாக்டர் கண்ணாடி முன்னால் செய்யச் சொன்ன பயிற்சியை ஒரு அங்கன்வாடியே கன்னம் உப்பிச் செய்தது. காற்று பிடிக்காமல் ஒரு பையன் வாயிலிருந்து எச்சில் தெறித்தது. அக்கா வாயிலிருந்தும் தெறித்தது. அவர்களுக்குள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை வேறு எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை. ஊரில் எல்லாரையும் நிறுத்தி, வாங்கய்யா, வந்து எங்க அக்காவைப் பாருங்க என்று சொல்லவேண்டும் போல் இருந்தது. என்னோடு பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரரைக்கூடக் கூப்பிட்டிருப்பேன். நான் வாசற்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. அக்காவும் திரும்பினாள்.

“இன்னும் இங்க இன்னாடா பண்ற? போ, போ” என்றாள். “எனக்கு வேலை இருக்குது.”